கொழும்பில் பழைய கசெட்டுகளை மாற்றக் கொடுப்பவர்களுக்கு: ‘320’ என்ற எண்ணை நம்ப வேண்டாம்

வீட்டில் பழைய கசெட் வைத்திருப்பவர்கள், அதை எம்பி3 ஆக்க எங்கேயாவது கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள். வெள்ளவத்தையில் ஒரு கடை எங்கள் குடும்பத்தின் ஒலிப்பதிவுகளைக் கெடுத்துத் தந்து, அதற்குக் காசும் வாங்கியது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். அதே வேலையை இன்னொரு கடையும் செய்யலாம்.

நான் கொடுத்தவை என் பெரிய மாமா தவில் வாசித்த கோயில் கச்சேரிகள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துத் திருவிழா இரவுகளில், ஒரு ரேடியோ கசெட்டை முன்னால் வைத்து ஒரே ஒரு மைக்கில் பதிந்தவை. 1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, அம்மா எதை எதையோ விட்டுவிட்டு இவற்றைச் சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தார். மாமா இப்போது இல்லை. அவருடைய வாசிப்பு இந்த நாடாக்களில் மட்டும்தான் இருக்கிறது.

‘ஸ்டூடியோ தரம், 320 கேபிபிஎஸ், ஏஐ மூலம் எச்டி’ என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். கேபிபிஎஸ் என்பது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்ற கணக்கு, அதுதான் பிட் ரேட். ஒரு கசெட்டுக்கு 2,500 ரூபா, பாதி முற்பணம். நான் தெளிவாகவே சொன்னேன்: இரைச்சலை எடுக்க வேண்டாம், உள்ளது உள்ளபடி வேண்டும், எம்பி3 உடன் அழுத்தாத (ஒலியில் எதையும் எறிந்து சுருக்காத) வேவ் ஃபைலும் வேண்டும். “எல்லாம் தாறம் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ” என்றார் கடையில் இருந்தவர்.

கிடைத்த பென் டிரைவில் வேவ் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எம்பி3, எல்லாவற்றிலும் 320 என்று காட்டியது. ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தவில் சொல்லுக்கும் சற்று முன்னால் ‘ஸ்ஷ்’ என்று ஒரு கரகரப்பு. வலந்தலையில் (தவிலின் வலது முகம்) விரலில் மாட்டும் கூடு விழும் அந்த வெட்டு இல்லை. தாளம் தட்டும் ஓசை தண்ணீருக்குள் இருந்து வருகிறதுபோல் நெளிகிறது. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியில் மூச்சுப் படும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து ஏதோ மென்பொருள் துடைத்துவிட்டது. வாசிப்பு ஓயும் இடங்களில் நாடாவின் இரைச்சல் வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது. நாடாவின் இரைச்சல் அப்படி வந்து போகாது. அது தொடர்ந்து ஒரே சீராக இருக்கும்.

திரும்பப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “அக்கா, ஃபைலில 320 எண்டு காட்டுதோ இல்லையோ? பழைய கசெட்டில அவ்வளவுதான் வரும்.”

இந்தப் பதில்தான் ஏமாற்று. அதை ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

இறுவட்டில் (சிடி) ஒரு சனலுக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு சனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,411 கிலோபிட். அதை 128 கிலோபிட்டாக அழுத்தினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மீதியை எறிவதற்கு ஒரு முறை இருக்கிறது. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதை ஒட்டிய சுருதியில் வரும் மெல்லிய ஒலியைக் காது கவனிக்காது. அந்தப் பலவீனத்தை அளந்து, காது கவனிக்காததை மட்டும் எறிவதுதான் எம்பி3. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் வருடக்கணக்காக உழைத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தரநிர்ணயமாக்கியது. அந்த வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எறிந்தது எறிந்ததுதான். 128 இல் ஒருமுறை அழுத்திய ஃபைலை 320 ஆக மாற்றிச் சேமித்தால் ஃபைல் பெரிதாகும், ஒலி பெரிதாகாது. சொல்லப்போனால் இரண்டாம் முறை அழுத்தும்போது இன்னும் கொஞ்சம் கெடும்.

கடையில் நடந்தது அதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையில் அந்தக் கருவியைப் பார்த்தேன்: வோக்மன் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் பென் டிரைவ் செருகியிருந்தது. கசெட்டைப் போட்டால் நேரே எம்பி3 ஆக எழுதிவிடும். பிட் ரேட்டை மாற்ற அதில் வழியே இல்லை, 128 தான். அப்புறம் கணினியில் ‘ஏஐ’ மென்பொருளால் மெருகேற்றி, 320 என்று சேமித்துத் தருகிறார்கள்.

தவில் ஏன் இவ்வளவு மோசமாகக் கெட்டது என்பதற்கும் காரணம் உண்டு. எம்பி3 ஒலியைச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் கணக்குப் பார்க்கும். நீளமான துண்டு ஏறக்குறைய 26 மில்லிவிநாடி. அதன் நடுவில் திடீரென்று ஓர் அடி விழுந்தால், பிட் போதாததால் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவும், அடி விழுவதற்கு முந்தைய அமைதியிலும். பலத்த ஒலிக்குப் பின்னால் வரும் கரகரப்பைக் காது கணிசமான நேரம் பொறுக்கும். முன்னால் வருவதைச் சில மில்லிவிநாடிக்கு மேல் பொறுக்காது. நல்ல என்கோடர் (அழுத்தும் மென்பொருள்) அடி வருவதை முன்கூட்டியே கண்டு, மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள குட்டித் துண்டுகளுக்கு மாறும். 1998 இல் தொடங்கிய லேம் என்ற இலவச எம்பி3 என்கோடரைத் தன்னார்வலர்கள் இத்தகைய இடங்களில்தான் மெல்ல மெல்லத் திருத்தினார்கள். ஆகவே 128 என்ற ஒரே எண்ணிலேயே நல்லதும் உண்டு, படுமோசமும் உண்டு. எந்த என்கோடரால் அழுத்தினார்கள் என்பதும் முக்கியம்.

இன்னொன்று. ஒரே மைக்கில் பதிந்தது ஒற்றைச் சனல். அதை ஸ்டீரியோவாக அழுத்தும் மலிவான கருவி, ஒரே ஒலிக்கு இரண்டு முறை பிட் செலவழிக்கக்கூடும். பிட் குறைவாக உள்ள இடத்தில் அது பெரிய விரயம். மோனோவாக அழுத்தியிருந்தாலே நிலைமை எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

சரி, குறைந்த பிட் ரேட்டில் நல்ல ஒலி முடியவே முடியாதா? முடியும், அதனால்தான் எனக்குக் கோபம் கூடுகிறது. 2003 அளவில் எம்பெக்-4 என்ற சர்வதேசத் தரத்தில் சேர்ந்த எச்இ-ஏஏசி என்ற அழுத்தும் முறை, மேல் சுருதிகளை முழுதாக அனுப்பாமல் கீழ் சுருதிகளிலிருந்து திரும்பக் கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது அசல் எப்படி இருந்தது என்ற ஒரு சின்னக் குறிப்பை என்கோடர் கூடவே அனுப்பும். 2012 இல் தரநிர்ணயமான ஓபஸ் என்ற முறை இன்னும் மேல். வாட்ஸ்அப் குரல் செய்திகளில் நாம் தினமும் கேட்பது அதைத்தான். இவை எல்லாம் அசலைக் கேட்டுவிட்டு வேலை செய்பவை. கடையின் ‘ஏஐ’ மாமாவின் தவிலைக் கேட்டதே இல்லை. அதற்குக் கிடைத்தது 128 இன் மிச்சம். மேலே அது போட்டிருப்பது வேறு எங்கோ கற்ற ஊகம். அதை ‘எச்டி’ என்று விற்பதற்கு அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் நல்ல கசெட் டெக் உண்டு. அவர் ஒவ்வொரு நாடாவுக்கும் ஹெட்டின் (நாடாவை வாசிக்கும் பகுதி) சாய்வைத் திருகாணியால் சரிசெய்து (இது பிசகினால் மேல் சுருதிகள் மங்கிவிடும்), ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அழுத்தாமல் பதிந்தார். அந்தப் பதிவிலிருந்து 48 கிலோபிட் மோனோ ஓபஸ் ஒன்று செய்து, கடையின் 320 உடன் மாற்றி மாற்றிக் கேட்டோம். 45 நிமிடப் பக்கம் ஓபஸில் ஏறக்குறைய 16 எம்பி, கடையினுடையது 108 எம்பி. சின்ன ஃபைலில் விரல்கூடு வெட்டென்று விழுகிறது, மூச்சு கேட்கிறது. அம்மாவுக்கு எதையும் சொல்லாமல் இரண்டையும் போட்டேன். ஓபஸைப் போட்டதும், “இதுதான் அண்ணா” என்றார்.

ஆனால் ஒரு கசெட்டைக் கடை நாடா கசங்கிய நிலையில் திருப்பித் தந்தது. அந்தக் கருவி இழுத்துச் சிக்கவைத்திருக்கிறது. நண்பர் வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்றிச் சுற்றிப் பார்த்தார். தனி ஆவர்த்தனம் (தவில் மட்டும் தனித்து வாசிக்கும் இடம்) வரும் பகுதி மீளவில்லை. அந்தத் தனிக்கு இப்போது எங்களிடம் இருப்பது கடையின் ஃபைல் மட்டும்தான். மெருகேற்றும் முன் இருந்த 128 ஐயாவது கேட்டேன். அழித்துவிட்டார்களாம்.

கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். நேரே பென் டிரைவில் எழுதும் பெட்டி என்றால் கசெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அழுத்தாத வேவ் அல்லது ஃபிளாக் (எதையும் எறியாமல் சுருக்கும் ஃபைல்) தருவதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஒரு கசெட்டை மட்டும் முதலில் கொடுங்கள், அதுவும் முக்கியமில்லாத ஒன்றை. 90 நிமிடக் கசெட் இறுவட்டுத் தரத்தில் ஸ்டீரியோ வேவாக 950 எம்பி அளவில் வர வேண்டும்; மோனோ என்றால் பாதி.

அளவு சரியாக இருந்தாலும் எம்பி3 யிலிருந்து வேவ் செய்து தர முடியும். அதனால் ஃபைலை ஓடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமை (எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள், இலவசம்தான். பழைய நாடாவில் மேல் சுருதி குறைவு என்று கடைக்காரர் சொல்வது உண்மை, ஆனால் நாடாவின் இரைச்சல் மேலே போகப் போக மெல்லத்தான் தேயும். 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினமாதிரி நேர்கோடு தெரிந்தால் அது நடுவில் எங்கோ 128 போன்ற குறைந்த பிட் ரேட்டில் இருந்திருக்க வேண்டும். என் ஃபைல்களில் அந்தக் கோடு அப்படியே இருந்தது, மேலே ஏஐ பூசியது வேறு ஒட்டாக.

காருக்கென்று விற்கும் பாட்டுப் பென் டிரைவுகளிலும் இதே எண் விளையாட்டு உண்டு. 320 இல் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 9.6 எம்பி. 32 ஜிபிக்குள் 5,000 பாட்டு 320 இல் என்று ஒருவர் சொன்னால், கணக்கே இடம் கொடுக்காது.

இப்படி மாட்டியவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். எழுத்தில் கொடுக்கும் முறைப்பாட்டைச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், ஸ்பெக்ட்ரோகிராம் படம் மூன்றையும் நான் இணைத்திருக்கிறேன்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தவில் கச்சேரி பதிந்த கசெட் உங்கள் வீட்டிலோ, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாமா வாசித்த தனி எதுவும் அதில் இருக்கலாம். தயவுசெய்து எங்கும் மாற்றக் கொடுக்காமல், கசெட்டாகவே வைத்திருங்கள். நண்பரின் டெக்கில் இலவசமாகப் பதிந்து உங்களுக்கும் ஒரு ஃபிளாக் தருகிறோம்.