முணுமுணுப்பும் அலறலும் ஒரே ஷாட்டில்: மாணவர் திகில் படங்களுக்கு ஸூம் எச்1 எசென்ஷியல்

பேய்ப்படம் எடுக்கத் திட்டமிடும் விஸ்காம் மாணவர்களிடம் பட்ஜெட்டைக் கேட்டால், பெரும்பாலும் கேமரா வாடகையும் லென்ஸ் வாடகையும்தான் முதல் இரண்டு வரிகளில் இருக்கும். ஒலிப்பதிவுக்கென்று தனி வரியே இருக்காது. இருட்டில் நடக்கும் கதையில் திரையில் தெரிவது குறைவு என்பதால், பயமுறுத்தும் வேலையில் பெரும்பங்கு ஒலியின் தலையில்தான் விழுகிறது. அந்தக் கணக்கை வைத்தே, ஜப்பானிய நிறுவனமான ஸூம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட எச்1 எசென்ஷியல் என்னும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை இங்கே மதிப்பிடுகிறேன்.

சட்டைப் பையில் அடங்கும் பிளாஸ்டிக் உடல், உச்சியில் ஒன்றையொன்று குறுக்கிடும் கோணத்தில் பொருத்தப்பட்ட இரண்டு மைக்குகள், இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகள், மைக்ரோ எஸ்டி கார்டு, 3.5 மி.மீ. மைக் உள்ளீடு, ஹெட்போன் துளை, யூஎஸ்பி-சி இணைப்பு என்று எல்லாம் எளிமையாகவே இருக்கின்றன. அறிமுகமானபோது அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 100 டாலர்.

இக்கருவியின் உண்மையான சிறப்பு, மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் அடக்கும் 32-பிட் ஃப்ளோட் என்ற முறையில் இது பதிவு செய்வதுதான். கைபேசிகளும் பல கேமராக்களும் தானியங்கி முறையில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கின்றன. அமைதியான இடத்தில் அளவை உயர்த்தி ‘உஸ்’ என்ற இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவருகின்றன, திடீரென்று ஒருவர் அலறினால் அளவை அமுக்கி அந்த அலறலின் வீரியத்தையே கெடுத்துவிடுகின்றன. மௌனத்துக்கும் அலறலுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம்பியிருக்கும் திகில் படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. சாதாரண 24-பிட் கருவியில் அளவைக் கையால் நிறுத்திவைக்க முடியும் என்றாலும், முணுமுணுப்புக்கு ஏற்ப வைத்தால் அலறல் கிழிந்துபோகும். அலறலுக்கு ஏற்ப வைத்தால் முணுமுணுப்பு இரைச்சலுக்குள் மூழ்கும். எச்1 எசென்ஷியலில் பதிவு அளவைத் திருகுவதற்குக் குமிழே கிடையாது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டையும் எடிட்டிங்கில் தேவையான அளவுக்கு உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யலாம். ஒலிப்பதிவாளர் என்று தனியாக ஆள் இல்லாத, இயக்குநரே மைக் மாட்டிய நீண்ட பூம் கம்பையும் பிடிக்கும் குழுக்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால், இந்த வசதியை மந்திரமாக எண்ணிவிடக் கூடாது. இதிலுள்ள மைக்குகள் தாங்கும் உச்ச ஒலியழுத்தம் 120 டெசிபெல். நடிகையின் வாய்க்கு அருகிலேயே கருவியை நீட்டினால் மைக்கிலேயே சிதையும் ஒலியை எந்த ஃப்ளோட் கோப்பாலும் மீட்க முடியாது. மறுபுறம், மைக்கின் சொந்த இரைச்சலும் கோப்பில் பதிந்துவிடும் என்பதால், மிக மெல்லிய மூச்சொலியை அறையின் மறுகோடியிலிருந்து பதிவு செய்து பிறகு உயர்த்தினால் மூச்சோடு இரைச்சலும் சேர்ந்தே உயரும். திறந்த வெளியில், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரலின் அளவு 6 டெசிபெல் குறைகிறது என்ற பழைய பாடம் இங்கேயும் செல்லும்.

வசனத்துக்கு இந்த மைக்குகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அகலமான ஸ்டீரியோப் பதிவுக்காக அமைக்கப்பட்டவை ஆதலால், காரை பெயர்ந்த பழைய வீட்டின் வெற்று அறையில் அவை நடிகரின் குரலைவிட அறையின் எதிரொலியையே தாராளமாக வாங்கிக்கொள்கின்றன. காலர் மைக் ஒன்றை 3.5 மி.மீ. உள்ளீட்டில் செருகி, கருவியை நடிகரின் இடுப்பிலேயே மறைத்துவைப்பது நல்ல வழி. கைபேசிக்கென்று விற்கப்படும் மூன்று கோடுள்ள பின் கொண்ட மைக்குகளுக்கு அடாப்டர் தேவைப்படலாம் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நேர் முன்னால் வரும் ஒலியைக் குறிவைக்கும் தொழில்முறை ஷாட்கன் மைக்குகள் கேட்கும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை உள்ளீடு இதில் இல்லை. கையில் பிடித்துப் பதிவு செய்தால் விரல் அசைவுகூட உடல் வழியே மைக்கை எட்டும் என்பதால், பின்புறத் திருகுத் துளையில் சிறிய டிரைபாட் ஒன்றை மாட்டுவது நலம். மொட்டை மாடியிலோ தோப்பிலோ படமெடுப்பவர்கள் காற்றுத் தடுப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

இது தன் விலைக்கு மேல் உழைக்கும் இடம் சூழல் ஒலியும், காட்சிக்கேற்ற ஒலிகளை வேறு பொருள்களைக் கொண்டு உருவாக்கும் ஃபோலியும்தான். திரைக்கதையைக் காட்சிவாரியாகப் பிரிக்கும்போதே ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் ஒலிப்பட்டியலையும் எழுதிவிட்டால், கதவுக் கீல், கிணற்று ராட்டினம், ஊஞ்சல் சங்கிலி என்று படப்பிடிப்புக்கு முன்பே இந்தச் சிறு கருவியோடு ஊரைச் சுற்றிச் சேகரிக்கலாம். முருங்கைக்காயை ஒடித்தால் எலும்பு முறிகிறது. பலாச் சுளையைப் பிசைந்தால் பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். (சாப்பாட்டு நேரத்தில் எடிட் செய்ய வேண்டாம்.) 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிவு செய்த இரும்புக் கேட்டின் கிறீச்சொலியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அது ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, எதன் ஒலியென்று அடையாளம் காண முடியாத முனகலாக மாறுகிறது. ஒவ்வோர் இடத்திலும் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் அணைத்துவிட்டு, யாரும் அசையாமல் நின்று அரை நிமிட ரூம் டோன் (அந்த இடத்தின் வெறும் சூழல் ஒலி) எடுக்கும் பழக்கமும் அவசியம்; அது இல்லாவிட்டால் வசனங்களுக்கு இடையேயான வெட்டுகள் எடிட்டிங்கில் துருத்திக்கொண்டு நிற்கும்.

படத்தையும் ஒலியையும் நேரக் குறியீட்டால் தானாகப் பொருத்த உதவும் டைம்கோடு வசதி இல்லாததால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் அடித்தே தீர வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி இடம் செலவாகும் என்பது இன்றைய கார்டுகளுக்குச் சுமையல்ல. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 32-பிட் ஃப்ளோட் கோப்புகளை நேராகவே ஏற்கிறது. கைபேசியிலேயே எடிட் செய்பவர்கள் தங்கள் செயலி அவற்றைத் திறக்கிறதா என்று ஒரு சோதனைப் பதிவை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஏற்கெனவே 24-பிட்டில் இயங்கும், அதே ஸூம் நிறுவனத்தின் பழைய கருவியான எச்1என் கல்லூரியில் கிடைக்கிறதென்றால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அளவை மட்டுமே கவனிக்க ஒருவரை ஒதுக்க முடிகிற குழு அதையே பயன்படுத்திக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல காலர் மைக்கில் போடலாம். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாத குழுவுக்கே எச்1 எசென்ஷியலை வாங்கச் சொல்வேன்.