தாத்தாவின் டட்சன் 620: மீட்டெடுத்த பிறகு நான்கு ஆண்டு ஓட்டம்

தாத்தாவின் 1973 மாடல் டட்சன் 620 பிக்கப்பை நாங்கள் மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் அது 18,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாட்களாவது சுமை ஏற்றுகிறது. வேலை முடிந்த அன்றே எழுதியிருந்தால் எங்கள் மகிழ்ச்சியை மட்டும்தான் எழுதியிருப்பேன். எந்த வேலை நிலைத்தது, எதை மறுபடி பிரித்துச் செய்ய நேர்ந்தது என்று இப்போது சொல்ல முடியும் என்பதால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன்.

வண்டி 14 ஆண்டுகள் கொட்டகையில் அசையாமல் நின்றிருந்தது. தாத்தா கடைசியாக நிறுத்தியபோது ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டிருந்ததால், பின்சக்கரங்களின் பிரேக் ஷூக்கள் துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தன. டயர்களின் பட்டன்கள் தேயாமல் இருந்தன. ஆனால் பக்கவாட்டில் 0806 என்ற எண் இருந்தது. 2006ஆம் ஆண்டின் 8ஆவது வாரத்தில் தயாரானவை என்பது அதன் பொருள். அந்த வயதுள்ள ரப்பரை நம்பக் கூடாது என்பதால் நான்கையும் கழற்றி ஒதுக்கினோம். வேலையில் இறங்கியவர்கள் அப்பா, அத்தை, சித்தப்பா, நான், அப்போது 12 வயதான என் மகள் ஆகிய ஐவர். விடுமுறை நாட்களில் மட்டும் செய்ததால் 22 மாதங்கள் பிடித்தன.

பேட்டரி வாங்கிய அன்றே சாவியைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. "இருடா, உள்ளே எது ஒட்டியிருக்கிறதோ தெரியாது. ஒட்டியதை இழுத்தால் உடைந்துவிடும்" என்று அத்தை தடுத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் ஊற்றி மூன்று நாட்கள் ஊறவிட்ட பிறகு, இன்ஜின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றினோம். முதல் கால் சுற்று கனமாக இருந்தது. அதற்குப் பிறகு இன்ஜின் தடையில்லாமல் சுழன்றது. நெடுநாள் நின்ற வண்டி எதுவாக இருந்தாலும் இந்த மூன்று நாட்களை யாரும் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓட வைப்பதற்கு முன்பே பிரேக்கை முழுமையாக முடித்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால், காற்றடித்து ஊதாமல், தண்ணீரால் நனைத்துத் துடைத்து, துடைத்த துணிகளைத் தனிப் பையில் கட்டிவைத்தோம். மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த பைப்புகள் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து மாற்றுகிறோம். இந்த நான்கு ஆண்டுகளில் பிரேக் பகுதியில் ஒரு கசிவுகூட இல்லை. எங்கள் வேலைகளிலேயே எனக்கு மிகுந்த நிறைவைத் தருவது இதுதான்.

பெட்ரோல் டேங்க்கில் அடியில் பிசின்போல உறைந்த பழைய பெட்ரோலும் துருவும் இருந்தன. டேங்க்கை இறக்கிக் கழுவி, எத்தனால் கலந்த எரிபொருளைத் தாங்கும் ரக ஹோஸ்களை முன்னிருந்து பின்வரை போட்டோம். பழைய காலத்து ரப்பர், எத்தனால் பட்டால் உள்பக்கமாகக் கரைந்து நொறுங்கி, அந்தத் துகள்கள் கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளையில் போய் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கையில் ஹோஸ் நன்றாக இருப்பது போலவே தோன்றும் என்பதால், தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இன்ஜின் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் அழுத்தும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்தபோது மூன்று சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டை ஒட்டிய அழுத்தம் கிடைத்தது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 95. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும், ஏறவில்லை. அப்படியானால் குறை வால்வில்தான் என்று தெரிந்தது, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

இந்த வண்டியிலுள்ள எல்16 இன்ஜின் 1595 சிசி கொள்ளளவு கொண்டது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது, அதை ஒரு நீளமான டைமிங் செயின் சுழற்றுகிறது. ஹெட்டைக் கழற்றுவதற்காகக் அதன் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டை எடுத்தால் செயின் தளர்ந்துவிடும். செயின் தளர்ந்த நொடியில் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் முனை வெளியே பிதுங்கி விழுந்துவிடும். பிறகு இன்ஜினின் முன்மூடியையே பிரித்தால்தான் அதைத் திரும்பப் பொருத்த முடியும். அதைத் தவிர்க்க, செயினின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மேலிருந்து ஒரு மர ஆப்பை இறக்கிவைக்க வேண்டும். வேலைக் கையேட்டில் இந்தப் பக்கத்தை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்து கொட்டகைக் கதவுக்குப் போனார். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க என் மகள் அதற்கு ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்திருந்தாள். சீட்டுக்குப் பின்னாலிருந்த கருவிப்பையில் கிடைத்த துண்டு அது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், கீழே போகப் போக மெலிந்த வடிவம், மேல்நுனியில் ஒரு துளை, அதில் முறுக்கிய கம்பி. எதற்கென்று தெரியாததால் இரண்டு மாதங்களாக அது கதவடியில்தான் கிடந்தது.

"அப்பா இதைத்தான் இறக்குவார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். 'விளக்கை ஆட்டாதே, செயின் இறங்கிவிடும்' என்பார்" என்றார் அத்தை. கம்பி எதற்கென்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது: ஆப்பு உள்ளே நழுவிவிடாமல் மேலே கட்டிவைக்க. அன்று டார்ச்சை என் மகளிடம் கொடுத்துவிட்டு, ஆப்பை அத்தையே இறக்கினார். அது பொருந்திய பொருத்தத்தைப் பார்த்தபோது, தாத்தா அதை இந்த இன்ஜினின் அளவுக்கென்றே சீவியிருக்கிறார் என்பது தெளிவாயிற்று.

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் கருகியிருந்தது. ஹெட்டை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து வால்வையும் அது அமரும் விளிம்பையும் சரிசெய்து வாங்கினோம். அலுமினிய ஹெட் என்பதால், போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, பல கட்டங்களாக டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம். ஒரேயடியாக இறுக்கினால் ஹெட் வளைந்துபோகும். வால்வு இடைவெளி, இன்ஜின் சூடாக இருக்கையில் இன்டேக் பக்கம் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 0.30 மில்லிமீட்டர். இதை வைக்கும்போது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். அந்தப் பிடிப்பு என் மகளின் விரல்களுக்கு எங்கள் எல்லோரையும்விடச் சீக்கிரம் பிடிபட்டது. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அவளே சரிபார்க்கிறாள். கடைசி முறை கம்ப்ரஷன் அளந்தபோது நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 6 பவுண்டு வித்தியாசம்தான் இருந்தது.

முறுக்கத்தால் ஸ்பிரிங்போல வேலை செய்யும் இரும்புக் கம்பிகளான முன்பக்க டார்ஷன் பார்களைக் கழற்றியபோதும் தாத்தாவின் கை எங்களைக் காத்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உரிய பார்கள் வெவ்வேறு திசையில் முறுக்கம் ஏற்றித் தயாரிக்கப்பட்டவை. இடம் மாற்றிப் போட்டால் நாளடைவில் தளர்ந்துபோகவோ முறியவோ கூடும். தொழிற்சாலையில் பொறித்த எழுத்து துருவில் மறைந்துவிட்டிருந்தது. ஆனால் ஒன்றின் நுனியில் வெள்ளைப் பெயின்டும் மற்றொன்றின் நுனியில் மஞ்சள் பெயின்டும் பூசப்பட்டிருந்தன. அதன் பிறகு எந்த அழுக்கையும் பார்க்காமல் துடைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்கள் தவறு தகர வேலையில்தான் நேர்ந்தது. சிறு பிராக்கெட்டுகளையும் போல்ட்டுகளையும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும் நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் இணைத்துத் துருவை நீக்கினோம். இந்த முறையில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும் என்பதால் எவர்சில்வர் துண்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இப்படிச் சுத்தம் செய்த எதிலும் இன்றுவரை துரு திரும்பவில்லை. ஆனால் பின்பெட்டியின் தரையில், முன்மூலைத் தையலருகே இருந்த துருவை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யாமல், தேய்த்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டோம். வேலை முடியும் தறுவாயில் எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் முதல் ஆள் நான்தான். பதினெட்டாவது மாதத்தில் அங்கே பெயின்ட் கொப்பளித்தது. திறந்து பார்த்தபோது துரு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, உட்புறத்தில் மெழுகுப் பூச்சும் கொடுத்தோம். முதலிலேயே செய்திருந்தால் ஒரு நாள் வேலை. இரண்டாம் முறை நான்கு நாட்கள் பிடித்தது.

இக்னிஷனில் ஒரு சிக்கல் வந்தது. பிளக்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டையும், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்துப் புதிதாக மாற்றினோம். ஐந்தே வாரங்களில், இன்ஜின் சூடானதும் வண்டி திக்கித் திக்கி நின்றது. பெட்ரோல் அடைப்பு என்று நினைத்துக் கார்புரேட்டரை இருமுறை பிரித்த பிறகுதான் குறை புதுக் கண்டென்சரில் என்று கண்டுபிடித்தோம். தாத்தா காலத்துக் கண்டென்சரைத் திரும்ப மாட்டினோம். இன்றும் அதில்தான் ஓடுகிறது. கழற்றிய பழைய பாகம் வேலை செய்யும் நிலையில் இருந்தால் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். புதியது என்பதற்காகவே அது நல்லது என்று கொள்ள வேண்டாம். பாயிண்ட் இடைவெளியை 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள் வைத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வோடு சேர்த்தே பார்த்துவிடுகிறோம்.

ஓட்டும் அனுபவத்தைப் பொறுத்தவரை, வண்டி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லும். ஸ்டீயரிங், நிற்கையில் கனமாகவும் நகரத் தொடங்கியதும் இலகுவாகவும் இருக்கும். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை அமைதியாகப் போகும்; அதற்கு மேல் கேபினுக்குள் பேச்சுக் கேட்காது. சுமையில்லாதபோது லீஃப் ஸ்பிரிங் கடினமாகத் துள்ளும். 300 கிலோ ஏற்றிவிட்டால் அதே வண்டி நிதானமாக உட்கார்ந்து போகிறது. லிட்டருக்கு 9 முதல் 10 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) முதலிய வசதிகள் இல்லாத வண்டி என்பதால் முன்னால் போகும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விட்டே நாங்கள் ஓட்டுகிறோம். குடும்பத்தில் யார் புதிதாக ஓட்டப் பழகினாலும் அத்தை முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பின்பெட்டியின் வெளிப்புறத்திலுள்ள கயிறு கட்டும் கொக்கிகளில் இடப்பக்க மூன்றாவது கொக்கி மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. தாத்தா எப்போதும் அதில்தான் முடிச்சை முடிப்பாராம். அதை மாற்றாமல், பெயின்ட் பூசாமல் விட்டிருக்கிறோம். இப்போது நானும் அதில்தான் முடிக்கிறேன்.

அடுத்து இருப்பது கியர்பாக்ஸ் வேலை. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது ஒரு கரகரப்பு கேட்கிறது; கியர்களின் வேகத்தை ஒன்றாக்கி இணைக்கும் பித்தளை சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அந்தப் பித்தளைக்கு ஏற்றதென்று ஜிஎல்-4 ரக ஆயிலையே தொடக்கத்திலிருந்து ஊற்றிவருகிறோம், அதனால் இவ்வளவு காலம் தாங்கியது என்பது சித்தப்பாவின் கணிப்பு. வளையங்களும் சீல்களும் வாங்கி அலமாரியில் வைத்தாகிவிட்டது. அப்பாவால் இனி வண்டிக்கடியில் படுக்க முடியாது என்பதால் சித்தப்பாவும் நானும் இறக்குவோம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசை மாறாமல் வெள்ளைத் துணியில் அடுக்கி எண் எழுதும் பொறுப்பை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.