கத்தரிக்காய்க்குப் பென்சிலா, பேனாவா?

செடி, காய் வரைந்து பழகுகிறவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் நிழல்தான். அளவு சரியாக இருக்கும், நரம்பு சரியாக இருக்கும்; ஆனால் காய் மட்டும் அப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். பென்சிலில் நிழல் ஏற்றுவதா, பேனாவில் புள்ளி வைப்பதா என்று எனக்கும் குழப்பம். ஒரே கத்தரிக்காயை இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பது தாவர ஓவியத்தில் வழக்கம் என்பதால், ஜன்னலுக்கு ஏற்றபடி மேசையைத் திருப்பிக்கொண்டேன்.

முதலில் பென்சில். கடினமான, மங்கலான 2எச்சில் தொடங்கி, நடுத்தரமான எச்பி, அப்புறம் மென்மையான, கறுப்பான 2பி. சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல், ஒரு படலத்தின் மேல் இன்னொன்று. கறுத்த காயாயிற்றே என்று எடுத்த எடுப்பில் 4பியைத் தீட்டினால் அதோடு சரி. தாள் பளபளத்துவிடும், மேலே எதுவும் ஏறாது. விரலால் தேய்ப்பதும் வேண்டாம். விரலின் எண்ணெய் தாளில் திட்டாக நிற்கும்.

பென்சில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. காயின் மிக இருண்ட பகுதி அதன் ஓரத்தில் இல்லை, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. விளிம்பில் மேசையில் பட்டுத் திரும்பிய மங்கலான வெளிச்சம் ஒரு கீற்றாக ஓடுகிறது. அந்தக் கீற்றை விட்டுவைத்ததும் காய் உருண்டுவிட்டது. இத்தனை நாளும் விளிம்புவரை கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேனா வேறு சமாச்சாரம். 0.1 என்ற மெல்லிய முனை, செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் புள்ளிக்கு வால் முளைத்துத் தலைப்பிரட்டை ஆகிவிடும். அழிக்கவும் முடியாது. பென்சிலில் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, பேனாவில் இரண்டு மாலைகளை விழுங்கியது. அதற்குள் காய் சுருங்கத் தொடங்கி, வலப்பக்கத்து நிழலில் இல்லாத மடிப்பெல்லாம் வந்து சேர்ந்தது.

பிறகு ஏன் இத்தனை பேர் புள்ளி வைக்கிறார்கள்? அச்சுக்காக. பென்சிலின் சாம்பல் நிறத்தை அச்சில் கொண்டுவரத் தனி ஏற்பாடு வேண்டும். கறுப்புப் புள்ளி எந்தத் தாளிலும் அப்படியே விழும். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் அவருக்கு வண்ணத்தில் வரைந்து தந்தவை அவற்றில் வண்ணமில்லாத கல்லச்சாகத்தான், அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சாகத்தான் வந்தன. நிறம் போன பின்னும் செடி அடையாளம் தெரிய வேண்டும். தாவரவியல் நூலுக்கு வரைகிறவர்களுக்கு இன்றும் அதே கட்டாயம்தான். ஒன்று மட்டும் கவனம்: படத்தை அச்சில் சுருக்குவார்கள். நெருக்கி வைத்த புள்ளிகள் ஒட்டிக்கொண்டு மைத்திட்டு ஆகிவிடும். இருட்டிலும் கொஞ்சம் வெள்ளை விடுங்கள்.

கோடு கோடாக நிழல் போடும் முறையும் இருக்கிறது, வேகமானது. ஆனால் இலையில் போட்டால் எது நரம்பு, எது நிழல் என்றே தெரியாது. நான் அதை விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்டால், பழகுகிறவருக்குப் பென்சில்தான். கத்தரி, மிளகாய், மாவிலை போல வழவழப்பானவற்றுக்குப் பேனா ஈடு கொடுப்பதில்லை. ஆனால் காம்பைச் சுற்றிய அந்தப் பச்சைத் தொப்பியில் பேனா ஜெயித்தது. அதன் முள்ளும் சுணையும் புள்ளியில் வந்த மாதிரி பென்சிலில் வரவில்லை.

எதில் வரைந்தாலும் காய் மேசையில் விழுத்தும் நிழலை வரையாதீர்கள். தாவரப் படத்தில் அதற்கு இடமில்லை. தொப்பியின் இதழ் காயின்மேல் விழுத்தும் நிழல் மட்டும் வேண்டும். இதழுக்கு அடியிலேயே, நூல் அகலத்துக்கு, ஒட்டினாற்போல. கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் தொப்பி காயை விட்டு மிதக்கும்.