யாத்திரை ரயிலில் சாப்பாடு: படுக்கைக்கே தட்டா, தனிப்பெட்டியில் பந்தியா?

பல நாள் ஓடும் யாத்திரை ரயிலில் பயணிகளுக்குச் சாப்பாடு போட நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ரயிலில் அடுப்பே வைக்காமல், வழியில் வரும் சந்திப்புகளில் பொட்டலமாக ஏற்றிக் கொடுப்பது ஒன்று. பேன்ட்ரி கார் எனும் சமையல் பெட்டியில் சமைத்து, அவரவர் படுக்கைக்கே தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது இரண்டாவது. சமையல் பெட்டியை ஒட்டி மேசை போட்ட உணவுப் பெட்டிகளை வைத்து, பயணிகளை முறைவைத்து அழைத்துப் பந்தி பரிமாறுவது மூன்றாவது. கும்பகோணத்தில் கலியாணச் சமையல் எடுத்துச் செய்யும் நான், சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவருக்காக இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்ற உட்புற அமைப்பையும் சொல்ல வேண்டியிருந்தது. பந்தியைத் தேர்ந்தேன். மறுபடியும் கேட்டால் அதையேதான் சொல்வேன், சில நிபந்தனைகளோடு.

2021 நவம்பரில் ரயில்வே அறிவித்த பாரத் கௌரவ் திட்டத்தின்படி, ஏற்பாட்டாளர் ஒருவர் 14 முதல் 20 பெட்டிகள் வரை கொண்ட ரயிலை எடுத்து, அதன் உள்ளமைப்பைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடமுண்டு. 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டதுதான் அவ்வகையில் முதல் ரயில். அதுவரை பெட்டித் தொழிற்சாலையும் ரயில்வே அதிகாரிகளும் மட்டும் முடிவு செய்துவந்த ஒரு விஷயத்தில், சமைக்கிறவனின் கருத்தையும் கேட்கும் நிலை அதன் பிறகே வந்தது.

பொட்டல முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, தீப்பிடிக்கும் அச்சம் இல்லை, பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை. ஆனால் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் மெயின் லைன் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக கிராசிங்கில் நிற்க நேர்ந்தால், கணக்குப் போட்ட நேரத்துக்கு வண்டி எந்த ஸ்டேஷனுக்கும் போய்ச் சேராது. காலை இட்லியை ஆறிய பிறகும் சாப்பிட்டுவிடலாம். மதியத்துக்குக் கட்டிய தயிர்சாதம் வெயில் நாளில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் புளித்துப்போகும். ஒரு வேளைக்கு இந்த முறை போதும். ஒரு வாரத்துக்கு இதை நம்பிப் புறப்படுவது சரியாகாது.

படுக்கைக்கே பரிமாறுவதற்கு உண்மையான வலிமை உண்டு. பயணி எழ வேண்டாம். முதியவர்கள் ஆடும் பெட்டியில் நடக்க வேண்டாம். சாப்பாட்டுக்கென்று ஒரு பெட்டியை ஒதுக்கி வருமானத்தை இழக்கவும் வேண்டாம். 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் இந்த முறையை ஒழுங்காகச் செய்து காட்டுகிறது. பெட்டிதோறும் சிறிய பேன்ட்ரி, அதில் சூடு காக்கும் அலமாரி, வெந்நீர் பாய்லர், இருக்கை முன்னால் மடிப்புத் தட்டு, வெளியே சமையற்கூடத்தில் சமைத்து மூடிவந்த உணவு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன. ஆனால் அது உட்கார்ந்து போகும் ரயில். சில மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும். படுக்கை வசதியுள்ள பெட்டிகளில் பெரும்பாலும் ஆளுக்கொரு மடிப்புத் தட்டு கிடையாது. ஜன்னலோரமிருக்கும் சிறு மேசையில் இரண்டு தட்டுக்கு மேல் வைக்க முடியாது. மற்றவர்கள் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டிராலி ஒரு பெட்டிக்குள் ஓடும். இரண்டு பெட்டிகளை இணைக்கும் வெஸ்டிபியூலில் தரைத் தகடுகள் ஏறி இறங்குவதால் அங்கே தூக்கித்தான் கடக்க வேண்டும்.

இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது கைகழுவும் இடம்.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பின்னால் கழுவும்போது விரலில் ஒட்டிய பருக்கையும் நெய்யும் குழம்பும் சேர்ந்தே போகும். எல்எச்பி எனப்படும், ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதுவகைப் பெட்டிகளில், மூன்றடுக்கு ஏசி பெட்டிக்கு 72 படுக்கைகள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுத்தால், அத்தனை பேரும் அடுத்த கால் மணிக்குள் பெட்டியின் இரு கோடிகளிலும் இருக்கும் வாஷ்பேசின்களுக்கு வருவார்கள். அவை முகம் கழுவவும் பல் துலக்கவும் அமைந்த ஆழமற்ற பேசின்கள்; வடிதுளையும் சிறியது. ஒரு மதியம் முருங்கைக்காய் சாம்பார் பரிமாறிவிட்டுப் பெட்டி பெட்டியாகப் போய்ப் பார்த்தேன். சக்கையும் கறிவேப்பிலையும் துளையில் அடைத்து, மஞ்சள் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. வண்டி அசையும்போதெல்லாம் அது தளும்பி, கழிவறைக்குப் போகும் நடையில் சிந்தியது. அந்த நடையில்தான் எல்லாரும் செருப்போடும் செருப்பில்லாமலும் நடந்து படுக்கைக்குத் திரும்புகிறார்கள்.

சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் பயணம் முடிந்தவுடன் பராமரிப்புக்கான பிட் லைன் எனும் தடத்தில் நிறுத்தி முழுமையாகக் கழுவிவிடுவார்கள். யாத்திரை ரயில் பல நாள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. நின்ற ஊரில் பெருக்கலாம், துடைக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம். முழுக்கழுவல் எல்லா இடத்திலும் கிடைக்காது. முதல் நாள் பெர்த்தின் ரெக்சின் இடுக்கில் விழுந்த பருக்கை மூன்றாம் நாள் கரப்பானையும் அதைத் தொடர்ந்து எலியையும் கொண்டுவருகிறது. தலையணைக்குப் பக்கத்தில் எலியைப் பார்த்த பயணிக்கு அதன்பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் மனம் ஆறாது. உணவு சிந்தும் இடம், கை கழுவும் இடம், தூங்கும் இடம் மூன்றும் ஒன்றாக இருக்கும் வரை, எத்தனை துப்புரவாளர்களை அமர்த்தினாலும் ரயில் முழுவதையும் மூன்று வேளையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்திப்பெட்டி வைத்தால் துடைக்க வேண்டியவை இரண்டே பெட்டிகள்.

இரண்டு என்று சொல்வதற்குக் கணக்கு உண்டு. மும்பைக்கும் புணேவுக்கும் இடையே 1930 முதல் ஓடும் டெக்கான் குயினில் மேசை போட்ட உணவுப் பெட்டி இன்றும் உண்டு. 2022-இல் வந்த புதிய பெட்டியில் 40 பேர் அமரலாம். அதே அளவில் ஒரே பெட்டி வைத்து 300 பேருக்குப் போட்டால் எட்டுப் பந்தி வரும். சாப்பிட்டு எழ, இலை எடுக்க, மேசை துடைக்க, அடுத்தவர்கள் வந்து உட்கார எல்லாம் சேர்த்துப் பந்திக்கு 40 நிமிடம் என்றால், மதியச் சாப்பாடு முடிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சமையல் பெட்டி, அதன் இருபுறமும் ஒவ்வோர் உணவுப் பெட்டி என்று வைத்தால் நான்கே பந்தி. பதினொன்றரைக்குத் தொடங்கி இரண்டே காலுக்குள் முடித்துவிடலாம். இந்த மூன்றும் ரயிலின் மத்தியில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஓர் எல்எச்பி பெட்டி ஏறக்குறைய 23.5 மீட்டர் நீளம். 14 பெட்டி ரயிலின் கோடியில் சமையல் பெட்டியை மாட்டினால் மறுகோடிக்காரர் சாப்பாட்டுக்காக 300 மீட்டர் நடக்க நேரிடும்.

பெட்டிக்குள் வழியின் இருபுறமும் நால்வர் மேசைகளாக ஆறு வரிசை போட இடம் இருந்தது. ஐந்தோடு நிறுத்தச் சொன்னேன். மிஞ்சிய இடத்தில், வெளியேறும் வாசலை ஒட்டி, எவர்சில்வரில் நீளமான ஒரே கழுவுதொட்டி; ஆழம் ஒரு முழம், அடியில் கழற்றி எடுக்கக்கூடிய சல்லடைக் கூடை, மேலே நான்கு குழாய். பந்திக்குப் பந்தி கூடையை எடுத்துக் கொட்டிவிடலாம். நுழைவது ஒரு வாசல், எழுந்து கை கழுவி வெளியேறுவது மறு வாசல் என்று பிரித்தால், சாப்பிட்டவரும் சாப்பிட வருபவரும் நடுவழியில் முட்டிக்கொள்ள மாட்டார்கள். கலியாண மண்டபத்தில் எந்தப் பரிசாரகருக்கும் தெரிந்த ஒழுங்கு இது. ரயிலுக்குள் வரைபடம் போடும்போதுதான் மறந்துபோகிறார்கள்.

மேசையின் விளிம்பும் கவனிக்க வேண்டியது. எல்எச்பி பெட்டிகள் புறப்படும்போதும் நிற்கும்போதும் முன்னும் பின்னுமாக ஒரு வெட்டு வெட்டும். எதிரெதிரே உட்காரும் அமைப்பில் அந்த வெட்டு ரசத்தை நேராக ஒருவர் மடிக்கே அனுப்புகிறது. ஆகவே உட்காருபவர் பக்கத்து விளிம்பைச் சுண்டுவிரல் கனத்துக்கு உயர்த்தச் சொன்னேன். வழிப்பக்க விளிம்பைத் தட்டையாகவே விடச் சொன்னேன், ஒரே வீச்சில் துடைத்து வாளியில் தள்ளுவதற்கு. வெறும் வாழையிலையில் பரிமாற ஆசைதான். ஆனால் ஓடும் வண்டியில் இலை நகர்கிறது. குழம்பு பக்கத்து இலைக்குப் போகிறது. பள்ளம் பிரித்த எவர்சில்வர் தட்டில் வட்டமாக நறுக்கிய இலையை விரித்துப் பரிமாறினோம். சாப்பிட்ட பின் இலையைச் சுருட்டி எடுத்தால் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு மிகக் குறைவாகவே இருக்கும்; கழுவும் தண்ணீரில் அது பெரிய மிச்சம். ரயிலில் தண்ணீர் என்பது நிரப்பிக்கொண்டு புறப்பட்ட அளவுதான். ஜன்னலோரத்தவருக்குப் பரிமாறும்போது கரண்டி அடுத்தவர் தட்டைத் தாண்டிப் போவதைத் தவிர்க்க முடியவில்லை. மூக்கு வைத்த சிறிய வாளிகளால் சிந்துவது குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

சமையல் பெட்டியில் எரிவாயு வேண்டாம், மின்சார அடுப்பு மட்டுமே போதும் என்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. 2023 ஆகஸ்டில் மதுரை யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்குப் புறம்பாக ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நினைத்தால், ரயிலில் பூரி பொரிக்கும் ஆசையும் போய்விடுகிறது. இட்லி, அதற்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா, பொங்கல், சாதம், பருப்பு எல்லாம் ஆவியிலும் மின்னடுப்பிலும் நன்றாகவே வரும்.

பந்திக்கு எதிரான வாதங்கள் பலமானவை. இரண்டு உணவுப் பெட்டி என்றால் 144 படுக்கைகளின் கட்டணம் போயிற்று; அது சீட்டு விலையில்தான் ஏறும். முழங்கால் வலிக்காரர்கள் வெஸ்டிபியூலைக் கடக்க முடியாது. அவர்களுக்கு மட்டும் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம், ஆகவே நான் எதிர்க்கும் முறையை ஓரளவு நானே கையாள வேண்டியிருந்தது. 500 பேருக்கு மேல் ஏறும் ரயிலில் நான்கு பந்தி ஏழாகிவிடும். அங்கே என் ஏற்பாடு தாங்குமா என்பதை உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

பகல் வண்டிகளுக்கு இந்த முடிவு பொருந்தாது. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் ஜன் சதாப்தி போன்ற ரயிலில் பந்திப்பெட்டி வைத்தால், உட்காரும் இடத்தைத்தான் வீணாக்குவோம். அங்கே பெட்டிதோறும் சிறு பேன்ட்ரியும், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் சூடாக ஏற்றும் டிபனும் போதும். ஒன்றே ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்பேன்: அந்த வண்டிகளின் வாஷ்பேசின்களிலும் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடையைப் பொருத்தி, அதை எடுத்துக் கொட்டுவது எந்த ஊழியரின் வேலை, எந்த ஸ்டேஷன் தாண்டியதும் செய்ய வேண்டும் என்பதைப் பணிப்பட்டியலிலேயே எழுதிவைக்க வேண்டும்.