பள்ளிபாளையத்தில் உட்கார்ந்து ஈரோட்டு வீட்டு ஃபைலைத் திறப்பது: ஆறு மாத அனுபவம்

ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். என் பார்ட்டிகளில் பாதிப்பேர் காவிரிக்கு அந்தப் பக்கம், பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர்கள். அவர்கள் ஆபீஸில் போய் உட்கார்ந்த பிறகுதான், “மேடம், 2019-20 பர்ச்சேஸ் பில் ஒன்னு நோட்டீஸ்ல கேட்டிருக்காங்க” என்பார்கள். ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அத்தனையும் ஸ்கேன் செய்து, வீட்டில் டெபியன் (லினக்ஸ் வகை இலவச இயங்குதளம்) போட்ட பழைய டெஸ்க்டாப்பில், 2 டிபி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். பென் டிரைவில் எடுத்துப்போக எனக்குத் துணிச்சல் இல்லை. எங்காவது தொலைந்தால் நாற்பது குடும்பத்தின் கணக்கு போகும்.

எனவே தேவை இதுதான்: பார்ட்டியின் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யாமல், வெறும் பிரவுசரில் என் ஃபைல் திறக்க வேண்டும்.

முதலில் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வீட்டு மெஷினுக்கு ஒரு கதவு திறந்துவிடுவது, செய்து பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. எல்லாம் சரியாக இருந்தும் வெளியிலிருந்து திறக்கவே இல்லை. கடைசியில் ரூட்டரின் செட்டிங்கில் WAN (வெளி இணைய இணைப்பு) பக்கத்தைப் பார்த்தால் ஐபி, அதாவது இணைய முகவரி எண், 100.72 என்று தொடங்குகிறது. கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று கேட்டால் வேறு எண். அப்போதுதான் புரிந்தது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள் இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஒதுக்கியவை. சிஜிநாட் என்பார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டில் நாம் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவருக்கு வழி கிடைக்காது. இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேட்டேன். ஸ்டேட்டிக் ஐபி (நமக்கென்றே மாறாத பொது எண்) தனியாக வாங்க வேண்டும், மாதாமாதம் கட்டணம் என்றார்கள். நீங்களும் தொடங்கும் முன் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது இருப்பது, வீட்டு ஃபோல்டரை பிரவுசரில் காட்டும் ஃபைல் பிரவுசர் என்ற இலவச மென்பொருளும், அதை வெளியிலிருந்து அடைய கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் டனல் சேவையும். ஃபைல் பிரவுசர் ஒரே ஒரு புரோகிராம் ஃபைல். டேட்டாபேஸ் தனியாக நிறுவும் வேலை கிடையாது. என் 4 ஜிபி ரேம் மெஷினில் இருப்பதே தெரியாமல் ஓடுகிறது. ஒவ்வொரு யூசருக்கும் எந்த ஃபோல்டர் தெரிய வேண்டும், அழிக்கலாமா, பெயர் மாற்றலாமா என்று தனித்தனியாக வரையறுக்கலாம். வெளியில் பயன்படுத்த ‘பார்க்க மட்டும்’ என்று ஒரு யூசர் வைத்திருக்கிறேன். அந்த லாகினில் யார் நுழைந்தாலும் ஒரு பில்லைக்கூட அழிக்க முடியாது.

டனலின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெளியிலிருந்து யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. வீட்டு கம்ப்யூட்டரே வெளியே போய் கிளவுட்ஃபிளேரோடு இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிஜிநாட் தடையே இல்லை, ரூட்டரில் ஒரு போர்ட்டும் திறக்கவில்லை. சொந்தமாக ஒரு டொமைன் (இணையதளப் பெயர்) மட்டும் வேண்டும். டனலுக்கு முன்னால் கிளவுட்ஃபிளேரின் அக்ஸஸ் என்ற லாகின் பூட்டைப் போட்டிருக்கிறேன். 50 பேர் வரை இலவசம். என் மின்னஞ்சலைக் கொடுத்தால் பத்து நிமிடம் செல்லும் ஓடிபி வரும். பார்ட்டியின் கம்ப்யூட்டரில் நான் தட்டும் பாஸ்வேர்டை ஏதாவது வைரஸ் பதிவு செய்தாலும், ஓடிபி என் செல்போனில் இருக்கிறது. பூட்டை முதலில் போட்டுவிட்டு அதன் பிறகு டனலைத் திறங்கள். வரிசை மாறக் கூடாது.

போன மாதம் ஒரு தறிக்கூடத்தில், பக்கத்து அறையில் தறி அடிக்கும் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து, ஓடிபி போட்டு, நூல் வாங்கிய பில்லின் பிடிஎஃப்பைத் திரையில் காட்டினேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில் நம்பரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தேடி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் மறுபடி கேட்டு என்று ஒரு நாள் இழுக்கும் வேலை அது.

குறைகளும் உண்டு. எக்ஸெல் ஷீட் பிரவுசருக்குள் திறக்காது. இறக்கித்தான் பார்க்க வேண்டும். இறக்கினால் அது பார்ட்டியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும். ஒருவருடைய கணக்கு இன்னொருவர் மெஷினில் கிடப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அதனால் முக்கியமான ஷீட் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக மாற்றி வைக்கிறேன். நெக்ஸ்ட்கிளவுட் என்ற இதே மாதிரியான பெரிய மென்பொருளில் எக்ஸெல்லை உள்ளேயே திறக்க வழி உண்டு, ஆனால் அது என் மெஷினுக்குப் பாரம். தேடல் ஃபைல் பெயரில் மட்டும்தான். பில்லுக்குள் இருக்கும் எண்ணைத் தேடாது. பெயரை ஒழுங்காக வைக்காதவர்கள் சிரமப்படுவார்கள். ஃபைல் பிரவுசரில் பெரிய புது வசதிகளும் இனி எதிர்பார்க்க முடியாது, பராமரிப்பு மட்டும்தான் என்கிறார்கள். இலவசத் திட்டத்தில் டனல் வழியாக ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்றவும் முடியாது. எனக்கு அது பொருட்டில்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறு. இந்த வழியில் தகவல் என்கிரிப்ட் செய்து பூட்டப்பட்டுப் போனாலும், கிளவுட்ஃபிளேரின் வாசலில் அந்தப் பூட்டுத் திறக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுத்தான் வருகிறது. அவர்கள் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் அதனால் அந்த ஃபோல்டரிலேயே வைக்கவில்லை. அவற்றுக்கு, என் மெஷின்களை மட்டும் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப். வயர்கார்டு என்ற என்கிரிப்ஷன் முறையில் என் லேப்டாப்பிலிருந்து என் வீட்டு மெஷின் வரை முழுக்கப் பூட்டியே போகும், நடுவில் யாரும் திறக்க முடியாது. ஆனால் ஆப் போட வேண்டும், எனவே என் சொந்த லேப்டாப்பில் மட்டும். சொந்த மெஷினிலேயே எப்போதும் வேலை செய்பவர்களுக்கு டனலே தேவையில்லை, டெயில்ஸ்கேல் ஒன்றே போதும்.

கரண்ட் போய் வந்தால் டெஸ்க்டாப் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) மாற்றி வையுங்கள். அதைச் செய்யாமல் கிளம்பிப் போய், ஒரு மதியம் முழுக்கப் பார்ட்டி முன்னால் ஒன்றும் காட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.