போர்ட்டபிள் ஏசி வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு கடைக்குப் போங்க

வெயில் ஏற ஏற கடைக்காரங்க வாய்ல போர்ட்டபிள் ஏசி போர்ட்டபிள் ஏசின்னுதான் வருது, அதுவும் நாம வாடகை வீடுன்னு தெரிஞ்சா போதும், சுவத்துல ஓட்டை வேணாம், ஓனர்கிட்ட கேக்க வேணாம், கொண்டு போய் ப்ளக்ல சொருகுனா ரூம் சில்லுனு ஆயிடும்னு ஆரம்பிச்சிடறாங்க. அந்தப் பேச்சை நம்பி 36,000 ரூபாய் கொடுத்த வீடு எங்க வீடு. கம்ப்ளைன்ட் நடந்துட்டு இருக்கறதால கடை பேரும் கம்பெனி பேரும் போடல, ஆனா நடந்தது எல்லாத்தையும் எழுதறேன்.

நாங்க இருக்கறது குரோம்பேட்டைல, மொட்டை மாடிக்கு நேர் கீழ உள்ள வீடு. பகல் பூரா தளம் வாங்குற சூடு ராத்திரிலதான் கீழ இறங்கும், மே மாசம் பதினொரு மணிக்கு மேலயும் ஃபேன் அனல் காத்தைத்தான் சுத்தி விடும். அத்தைக்கு (மாமியார்) முட்டி ஆபரேஷன் ஆகி படுக்கைல இருந்தாங்க, ராத்திரி பூரா தூங்காம நெளிவாங்க, பாக்கவே மனசு கேக்காது. ஸ்ப்ளிட் போடலாம்னா ஹவுஸ் ஓனர் முடியவே முடியாதுன்னுட்டார், இதுக்கு முன்னாடி இருந்தவங்க போட்ட ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கி சுவரு ஊறிப்போச்சாம். அதனாலதான் போர்ட்டபிள் பக்கம் போனோம்.

கடைல இருந்த பையன் ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். ரூம் 12க்கு 14, டாப் ஃப்ளோர், பெரியவங்க இருக்காங்கன்னு எல்லாத்தையும் சொன்னோம். "அக்கா இது ஒன்றரை டன், உங்க ரூமுக்கு தாராளம், பின்னாடி ஒரு பைப் வரும், அது ஆப்ஷனல்தான், தேவைன்னா பாத்ரூம் பக்கம் திருப்பி விட்டுக்கோங்க, தண்ணி பிரச்சனையே இல்ல, எந்த ப்ளக்லயும் போடலாம்"னு சொன்னான். எனக்கு சந்தேகம் வந்து வீட்டுக்கு வந்தப்புறம் வாட்ஸப்ல திரும்பவும் கேட்டேன், ஒன்றரை டன்தானே, பைப் வெளிய விடாம ஓடும்தானேன்னு. "எஸ் மேடம், ரெண்டும் கன்ஃபார்ம்"னு பதில் போட்டான். அந்த மெசேஜ்தான் இன்னைக்கு எங்க கைல இருக்கற பெரிய ஆதாரம், அதனால எந்தக் கடையா இருந்தாலும் முக்கியமான கேள்வியை எழுத்துல கேட்டு பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

மெஷின் வந்துச்சு, போட்டோம். கிரில் முன்னாடி கை வெச்சா நல்ல சில் காத்து. ஆனா ரூம் குளிரவே இல்ல, ஒரு மணி நேரம் கழிச்சு பார்த்தா முன்னாடி இருந்ததை விட புழுக்கம், அத்தை "இதை அணைச்சிட்டு ஃபேனே போடும்மா"ன்னுட்டாங்க. இதுக்கு காரணம் சிம்பிள்தான். ஏசிங்கறது ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து வெளிய கொட்டுற மெஷின், ஸ்ப்ளிட்ல அந்தக் கொட்டுற பாகம் வீட்டுக்கு வெளிய இருக்கு, போர்ட்டபிள்ல ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள. அந்த பைப்தான் சூடு வெளிய போற வழி. அதை வெளிய விடலன்னா முன்னாடி குளிர் காத்து பின்னாடி அனல் காத்து, கூடவே கம்ப்ரசர் சாப்பிடுற கரண்டும் சூடா ரூமுக்குள்ளயே சேரும், மொத்தத்துல ரூம் சூடு ஏறத்தான் செய்யும். இது ஆப்ஷனல்னு சொல்றது பச்சைப் பொய், எந்த கம்பெனி மெஷினா இருந்தாலும் சரி.

சரின்னு பாத்ரூம் பக்கம் திருப்பினோம். பாத்ரூம் அடுப்பு மாதிரி ஆச்சு, கதவிடுக்கு வழியா அந்த அனல் அப்படியே திரும்ப வந்துச்சு. ஜன்னல் வழியா விடலாம்னா கூட வந்த ஜன்னல் கிட், சைடுல தள்ளித் திறக்கற ஸ்லைடிங் ஜன்னலுக்கு செஞ்ச பிளாஸ்டிக் பட்டை. நம்ம ஊர் வீட்டுல பாதிக்கு மேல வெளிப்பக்கம் திறக்கற கதவு ஜன்னல், உள்பக்கம் இரும்பு கிரில், அதுல அந்த கிட் உக்காரவே உக்காராது, கடைல ஒருத்தர் கூட வீட்டுல என்ன ஜன்னல்னு கேக்கல. கடைசில என் வீட்டுக்காரர் கார்பென்டரை கூட்டிட்டு வந்து ஒரு பிளைவுட் பலகைல வட்டமா வெட்டி கிரில்லோட கட்டி பைப்பை வெளிய விட்டார், அந்த செலவும் எங்க தலைல.

இப்ப கொஞ்சம் குளிர்ந்துச்சு, ஆனா கொஞ்சம்தான். ஒரு பைப் மெஷின் என்ன பண்ணுதுன்னா ரூம்ல இருக்கற காத்தையே உறிஞ்சி சூடாக்கி வெளிய தள்ளுது, அப்ப அந்த அளவு காத்து எங்கயிருந்தாவது உள்ள வரணும் இல்லையா, கதவு கீழ சந்து, ஜன்னல் இடுக்கு, பரணுக்கு மேல ஓட்டைன்னு எல்லா பக்கமும் வெளி அனலை இழுக்குது. நான் ஒரு ஊதுபத்தி ஏத்தி கதவு கீழ சந்துகிட்ட பிடிச்சுப் பார்த்தேன், புகை மேல போகவே இல்ல, நேரா படுத்துகிட்டு ரூமுக்குள்ள ஓடுச்சு. ரெண்டு பைப் உள்ள மாடல்ல ஒண்ணு வெளிக்காத்தை இழுத்து இன்னொண்ணு தள்ளும், அதுல இந்தக் கோளாறு குறைவு. நாங்க போன கடைல அப்படி ஒண்ணு இருக்குன்னு கூட யாரும் சொல்லல.

இன்னும் முக்கியமான விஷயம் டன். மெஷினுக்குப் பின்னாடி ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்களோடதுல கூலிங் கெபாசிட்டி 14,000 பிடியுன்னு (BTU, ஒரு மணி நேரத்துல எவ்வளவு சூட்டை வெளிய எடுக்கும்ங்கற கணக்கு) இருந்துச்சு. ஒரு டன்னா 12,000 பிடியு, ஒன்றரை டன்னா 18,000. அப்ப 14,000ங்கறது ஒரு டன்னுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், ஒன்றரைக்கு கிட்ட கூட வராது. அதுவும் இல்லாம இந்த பைப் சூடு, இடுக்கு வழியா வர்ற அனல் இதையெல்லாம் கழிச்சு அமெரிக்கால தனியா ஒரு கணக்கு போட்டு லேபிள்ல போடச் சொல்றாங்க, அதுக்கு எஸ்ஏசிசின்னு பேரு, அந்தக் கணக்குல 14,000ன்னு விக்கிற மெஷின் 10,000 பக்கமோ அதுக்கும் கீழயோதான் நிக்கும். அதாவது ஒன்றரை டன்னுக்கு காசு கொடுத்து முக்கால் டன் வேலையைத்தான் வாங்கியிருக்கோம். பில்லைப் பார்த்தா டன்னே போடல, வெறும் மாடல் நம்பர்தான், அது வேணும்னேதான்னு நான் நினைக்கறேன்.

தண்ணி விஷயமும் பொய்தான். பாதி தண்ணி தானா ஆவியாகி பைப் வழியா போயிடும்னு சொல்றது காத்து காஞ்ச ஊருக்கு சரியா இருக்கலாம், கடல் பக்கத்துல இருக்கற சென்னைல காத்துல ஈரம் ஜாஸ்தி, அந்த ஈரம் மெஷினுக்குள்ள தண்ணியா மாறி, நடுராத்திரி டேங்க் நிறைஞ்சு பீப் பீப்னு கத்திட்டு கம்ப்ரசர் நின்னுடும். தண்ணி திறந்து விடற மூடி தரையில இருந்து நாலு விரல் உயரத்துல இருக்கு, பக்கெட் வைக்க முடியாது, தட்டை வெச்சு பிடிச்சு பிடிச்சு கொட்டணும். தூக்க கலக்கத்துல இருட்டுல உக்காந்து அதைப் பண்ணிப் பாருங்க தெரியும். கம்ப்ரசரும் ரூமுக்குள்ளயே இருக்கறதால சத்தம் வேற.

எனக்கு நிஜமாவே பயம் வந்தது ப்ளக் விஷயத்துலதான். டெமோ காட்ட வந்த ஆளு, பெட்ரூம்ல பெரிய பாயின்ட் இல்லன்னதும் பைல இருந்து ஒரு கன்வெர்ட்டர் எடுத்து 15 ஆம்ப்ஸ் பின்னை 5 ஆம்ப்ஸ் பாயின்ட்ல சொருகிட்டு, அதுக்கும் தனியா காசு வாங்கிட்டுப் போயிட்டார். இந்த மெஷின் 1,300 வாட்ஸ் பக்கம் இழுக்குது, கம்ப்ரசர் கிளம்புற நேரம் அதுக்கும் மேல. கொஞ்ச நாள்ல பிளாஸ்டிக் கருகுற வாசனை, சுவிட்ச் போர்டைத் தொட்டா சூடு, கழட்டிப் பார்த்தா ஓட்டையைச் சுத்தி பழுப்பா உருகியிருக்கு. படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியாத பெரியவங்க தலைமாட்டுல இது நடந்திருக்கு. தயவு செஞ்சு எந்த ஏசியையும் கன்வெர்ட்டர்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ போடாதீங்க, எலக்ட்ரீஷியனை வெச்சு தனி லைன் இழுத்து பெரிய பாயின்ட் போடுங்க.

திருப்பிக் கொடுக்கப் போனா கடைல "பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது, கம்பெனி சர்வீஸ்ல பேசிக்கோங்க"ன்னுட்டாங்க. சர்வீஸ்ல இருந்து ஒரு தம்பி வந்தார், கிரில்லுக்கு முன்னாடி தெர்மாமீட்டரைப் பிடிச்சு "கூலிங் வருது மேடம், மெஷின்ல ஃபால்ட் இல்ல, உங்க ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க"ன்னார். எதுக்குன்னு கேட்டேன். விசிட் பண்ணதுக்குன்னார். மெசேஜைத் திறந்து படிச்சா "உங்க புகார் திருப்தியாக முடிக்கப்பட்டது என உறுதி செய்ய" அப்படின்னு இருக்கு. சொல்ல மாட்டேன்னுட்டேன். அந்தத் தம்பி மேல எனக்கு கோவம் இல்ல, ஓடிபி வாங்காம போனா அவருக்கு அன்னைக்கு கணக்குல வராதுன்னு அவரே சொன்னார். ஆனா நாம அந்த நம்பரைச் சொல்லிட்டா பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு நாமளே கையெழுத்து போட்ட மாதிரி, அப்புறம் எங்க போனாலும் அதைத்தான் காட்டுவாங்க. அவர் கொண்டு வந்த ஜாப் ஷீட்ல (சர்வீஸ் விவரம் எழுதற பேப்பர்) "ரூம் குளிரவில்லை, விற்கும்போது சொன்ன டன் இல்லை"ன்னு என் கையால எழுதி ஃபோட்டோ எடுத்துகிட்டு அனுப்பினேன்.

அதுக்கப்புறம் 1915க்கு ஃபோன் பண்ணோம், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். விஷயத்தைக் கேட்டு பதிவு பண்ணி டாக்கெட் நம்பர் (புகார் எண்) கொடுத்து கம்பெனிக்கு அனுப்பறாங்க. அவங்களால தீர்ப்பு சொல்ல முடியாது, அது தெரிஞ்சே பண்ணுங்க, ஆனா அந்த நம்பர் வந்தப்புறம் கடைக்காரங்க பேச்சே மாறுச்சு, அதுவரை ஃபோனே எடுக்காத மேனேஜர் அவரே கூப்பிட்டு 12,000 ரூபாய் தர்றோம் கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிக்கோங்கன்னார். முழுப் பணம் வேணும்னு சொல்லியிருக்கோம். அது வரலன்னா செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடறதா முடிவு பண்ணியாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். பில்லு, வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட், பின்னாடி ஸ்டிக்கர் ஃபோட்டோ, உருகுன பாயின்ட் ஃபோட்டோ, ஜாப் ஷீட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு, ஃபேஸ்புக்ல 999 ரூபாய்க்கு மினி ஏசின்னு விளம்பரம் வருதே, அது ஏசியே இல்ல, யுஎஸ்பி வயர்ல ஓடற குட்டி ஃபேன், உள்ள ஈர ஸ்பான்ஞ்சு, அவ்வளவுதான். என் நாத்தனார் ஒண்ணு வாங்கி அது அலமாரில கிடக்கு.

அத்தைக்கு என்ன பண்ணீங்கன்னு கேப்பீங்க. ஹவுஸ் ஓனர்கிட்ட திரும்பப் போய் உருகுன ப்ளக்கைக் காட்டினோம், பாவம் அவரே அரண்டு போயிட்டார். மூணு இஞ்ச் ஓட்டை ஒண்ணு, வெளிப்பக்கம் சாய்வா போட்டு சிலிகான் வெச்சு அடைக்கணும், காலி பண்ணும்போது பூசிக் கொடுக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தோம், சரின்னுட்டார். ஸ்ப்ளிட் மாட்டியாச்சு. போர்ட்டபிள் ஹால் மூலைல பெட்டியோட இருக்கு, கேஸ் முடியற வரைக்கும் அதை விக்கவோ கொடுக்கவோ போறதில்ல. இதே மாதிரி "பைப் தேவையில்ல"ன்னு சொல்லி வித்த கடை உங்க ஏரியால இருந்தா, கடை பேரை இங்க போடாதீங்க, உங்ககிட்ட என்னென்ன எழுத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, கம்ப்ளைன்ட்டை எப்படி எழுதறதுன்னு நான் உக்காந்து எழுதித் தர்றேன்.