பி.என்.ஐ.யா, ரோட்டரியா?

சொந்தமாக ஆபீஸ் போட்ட ஆடிட்டர்கள், இன்டீரியர் டிசைனர்கள் அடிக்கடி கேட்பது இது: "ரெண்டு பக்கமும் கூப்பிடறாங்க, எதில் சேர?"

நோக்கம்
பி.என்.ஐ. (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்): தொழில் செய்பவர்களுக்கான அமைப்பு, 1985இல் ஐவன் மைஸ்னர் தொடங்கியது. ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைப்பதுதான் வேலையே.
ரோட்டரி: 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கியது. இன்று சேவைதான் முதலில். தொழில் தொடர்பு அதன் வழியே வரும்.

நேரம்
பி.என்.ஐ.: வாராவாரம் கூட்டம், பெரும்பாலும் காலையிலேயே. வரமுடியாவிட்டால் உங்களுக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்ப வேண்டும்.
ரோட்டரி: இவ்வளவு கெடுபிடி இல்லை.

செலவு
இரண்டுக்கும் ஆண்டுச் சந்தா உண்டு. சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

உறவு
பி.என்.ஐ.: ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். புதியவருக்கு இது பெரிய தைரியம். ஒருவர் எழுந்து, "பீளமேட்டில் புதுசா கிளினிக் திறக்கிற டாக்டர் யாரையாவது தெரியுமா?" என்று குறிப்பாகக் கேட்பார், எதிரே இருக்கும் பெயின்ட் கடைக்காரர் போனை எடுப்பார். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யார் முகமும் நினைவுக்கு வராது. ஆனால் சிக்கலான ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் ஆலோசனை கேட்க அங்கே இன்னொரு ஆடிட்டர் இருக்கமாட்டார்.
ரோட்டரி: ரத்ததான முகாமில் சேர்ந்து நாற்காலி தூக்கிப் போட்டவர்கள், நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வந்து நிற்பார்கள். அந்த நெருக்கம் வர வருடங்கள் ஆகும்.

ஆறு மாதத்துக்குள் வேலை வந்தாக வேண்டுமா? பி.என்.ஐ. தொழில் ஓரளவு நிலைத்துவிட்டது, ஊரில் மனிதர்கள் வேண்டும் என்றால் ரோட்டரி. எதுவானாலும் விருந்தினராக ஒரு கூட்டம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.